ஏப்ரலில் ரொறன்ரோ பிளஃபர்ஸ் பார்க்கில் படகு இறக்குவது: எந்தக் காற்றுக்குப் போகலாம்?

புதுப்படகு:
அண்ணைமாருக்கு வணக்கம். போன வருடக் கடைசியில் பழைய 16 அடி அலுமினியப் படகு ஒன்று வாங்கினேன். பிரவுண் ட்ரவுட் மீன் பிடிக்க ஆசை, லீவு சனி ஞாயிறு மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஒன்ராறியோ ஏரி கண்ணாடி மாதிரிக் கிடக்கும், சனி விடிய மரமெல்லாம் ஆடும். மூன்று வாரமாக இதே கதை. போன சனி பொறுமை கெட்டு இறங்கினேன். வானிலை அறிக்கையில் வடக்குக் காற்று 15 என்று இருந்தது. கிலோமீட்டர் என்று நினைத்துவிட்டேன், அது நொட். துறையில் அலையே இல்லை. ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பினால் தண்ணீர் படகின் முன்பக்கத்தால் ஏறுகிறது, மச்சானின் தேத்தண்ணிப் பிளாஸ்க் காலடியில் மிதக்கிறது. கரை சேர முக்கால் மணித்தியாலம். எந்தக் காற்றுக்குப் போகலாம், எதற்கு வீட்டில் படுக்கலாம்?

மயிலிட்டியான்:
15 நொட் என்றால் மணிக்கு 28 கிலோமீட்டர், தம்பி. ஆனால் எவ்வளவு என்பதற்கு முன் எங்கேயிருந்து என்று பார். உன்னை ஏமாற்றியது வாடை, வடக்குக் காற்று. பிளஃப்ஸ் மண்மலை சில இடங்களில் 90 மீட்டர் உயரம். அதன் மறைப்பில் தண்ணீர் படுத்துக் கிடக்கும், மறைப்பு முடிந்ததும் தூக்கி அடிக்கும். கரையில் நின்று பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும்.

அதற்காக வாடையை ஒதுக்காதே. இந்த மாதம் நடு ஏரி 4 பாகை அளவில் கிடக்கும். கரையோரமும் ரூஜ் ஆற்று வாயும் வெயிலுக்குச் சில பாகை கூட இருக்கும். பிரவுண் ட்ரவுட் அங்கேதான், 2 முதல் 4 மீட்டர் ஆழத்தில். ஆற்றுக் கலங்கலும் தெளிந்த தண்ணீரும் சந்திக்கிற கோடு கண்ணுக்கே தெரியும், அதன் ஓரமாகச் சின்ன ராப்பாலாவை (மீன் உருவப் போலி இரை) 30 மீட்டர் பின்னால் விட்டு மெதுவாக இழு. 10 நொட் வாடைக்கு இது தாராளமாகச் செய்யலாம். நங்கூரமும் நீளக் கயிறும் இல்லாமல் மட்டும் போகாதே. எஞ்சின் நின்றால் வாடை உன்னை அமெரிக்கக் கரைப் பக்கம்தான் தள்ளும்.

கொண்டல், அதாவது கிழக்குக் காற்று என்றால் வீட்டில் படு. ஏரி 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கிங்ஸ்ரன் பக்கமிருந்து அலை நீளவாட்டில் ஓடி வரும். காற்று விழுந்த பிறகும் அலை விழாது. மண்மலை கரைந்து தண்ணீர் பால்தேத்தண்ணி நிறமாகிவிடும், மீனுக்கு இரை தெரியாது. மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு விடிய இறங்கி, பத்து மணிக்கு முன் ஏறிவிடு. தெற்கிலிருந்து சோளகம் இளஞ்சூடாக வந்தால் குளிர்ந்த தண்ணீரில் பட்டுப் புகார் (மூடுபனி) இறங்கும். ஒருமுறை அதற்குள் மாட்டி, கரையில் நாய் குரைத்த திசையைப் பிடித்துத்தான் வந்தேன்.

பிக்கரிங் பெடியன்:
அண்ணை மீனைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் விழுவதைப் பற்றிச் சொல்கிறேன். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிக் கொடுக்கிற கணக்கு 1-10-1. குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சுத் திணறலைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது 10 நிமிடம், உடல் விறைத்து நினைவு தப்ப 1 மணித்தியாலம். லைஃப் ஜாக்கெட் இருக்கைக்குக் கீழே இருந்தால் முதல் நிமிடத்துக்கே உதவாது. போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

சும்மா வந்தவன்:
வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லிப் பாருங்கள்.

புதுப்படகு:
வயிற்றுவலி போன மாதமே முடிந்துவிட்டது அண்ணை.
ஞாயிறு விடிய வாடை 8 நொட். இந்த முறை நொட்தான் என்று இரண்டு தரம் பார்த்தேன். ரூஜ் வாய்ப் பக்கம், கரையில் நடக்கிற ஆட்களின் பேச்சுக் கேட்கிற தூரத்திலேயே இழுத்தோம். ஏழரைக்கு ஒரு பிரவுண், மூன்று கிலோ வரும். இரண்டாவது மீன் வலைக்குப் பக்கத்தில் வந்து கழன்றது, மச்சான் வலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒன்பதுக்குக் காற்று மேற்குக்குத் திரும்பியது, ஏறிவிட்டோம்.

மயிலிட்டியான்:
மச்சானுக்கு வலையைக் கொடுக்காதே. ஸ்டியரிங்கைக் கொடு.