ஒரே தொட்டியில் விட்ட மீன்களும் செடிகளும்: உங்கள் கண்ணெதிரே நடந்ததைச் சொல்லுங்கள்

தகடூர் தொட்டி (தர்மபுரி)

இரண்டடித் தொட்டி. நியான் டெட்ரா ஒரு கூட்டம், ஏஞ்சல் நான்கு, தரையில் மேய கோரி. ஏஞ்சல் எல்லாம் வாங்கும்போது கட்டைவிரல் நகத்தளவுதான். "எல்லாமே கம்யூனிட்டி மீன்தான் சார், சண்டை போடாம சேர்ந்தே இருக்கும், தைரியமா விடுங்க" என்று கடையில் சொன்னார்கள். மாதக்கணக்கில் ஒரு சண்டைகூடக் கிடையாது.

அப்புறம் நியான் குறைய ஆரம்பித்தது. செத்து மிதந்தாலாவது தெரியும். மேலே எதுவும் மிதக்கவில்லை, ஃபில்டரைப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் இல்லை. எண்ணும்போது மட்டும் குறைகிறது.

ஒருநாள் விடிவதற்கு முன், மகளை டியூஷனுக்கு அனுப்ப எழுந்து ஹால் லைட்டைப் போட்டேன். பெரிய ஏஞ்சல் மூலையில் அசையாமல் நிற்கிறது. வாய்க்கு வெளியே நியானின் பின்பாதி. பகலில் பளிச்சென்று நீலமாக இருக்கும் அந்தக் கோடு அப்போது மங்கிய ஊதாவாக இருந்தது. வால் துடித்துக்கொண்டிருக்கிறது. ஏஞ்சல் தலையை ஓர் உதறு உதறி இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்தது. "அப்பா, அதை எடுத்து விடுப்பா" என்று மகள் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். வலையைத் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஏஞ்சலும் நியானும் நிம்மதியாகச் சேர்ந்து இருக்கும் படங்களை எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு அந்த ஊதாக் கோடுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் தொட்டியில் இப்படி ஏதாவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

ஓசூர்க் குளிர்

என்னுடையது சண்டைக் கதை இல்லை அண்ணா. ஒரே தொட்டியில் இருந்தும் பாதி மீன் போனது, பாதி மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

கப்பி, பிளாட்டி, ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப். ஹீட்டர் கிடையாது. "நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுக்கு?" என்று எல்லோரும் சொல்வார்களே, அது சென்னைக்காரர்கள் சொல்வது. ஓசூரில் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். காலையில் தொட்டிக்குள் கை விட்டால் சில்லென்று ஏறும்.

ஒரு காலை, கப்பி எல்லாம் அடியில் படுத்து உடம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கின்றன, முன்னே நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வால் முழுக்க ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. ஒரு கப்பி போய்க் கல்லில் உடம்பைத் தேய்க்கிறது, விழுகிறது, மறுபடி தேய்க்கிறது. அதற்கு மேலேயே ஜீப்ரா டேனியோக்கள் எப்போதும் போலத் துரத்தி விளையாடுகின்றன. அதைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஜீப்ரா டேனியோவும் ரோஸி பார்ப்பும் நம் நாட்டு ஆற்று மீன்கள், குளிர் தாங்கும். கப்பி அந்த அளவுக்குத் தாங்காது. மெதுவாக 28 டிகிரிக்கு மேல் ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி வைத்து, கல்லுப்பும் போட்டுத்தான் மிச்ச மீன்களைக் காப்பாற்றினேன். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீன் மேல் ஒட்டியிருக்கும்போது அந்த வெள்ளைப் புள்ளி நோய்க் கிருமியை மருந்து எட்டாது. உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும் நேரத்தில்தான் அது சாகும். அதனால் புள்ளி போன பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

பாலக்கோடு டீச்சர்

தகடூர் சார், உங்கள் நியான்கள் எல்லாவற்றையும் ஏஞ்சல்தான் தின்றது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஒன்றைப் பார்த்தீர்கள், சரி. மற்றவை நம் ஊர்த் தண்ணீரிலேயே சோர்ந்து போயிருக்கலாம். சோர்ந்து ஒதுங்குகிற மீனைத்தான் பெரியது முதலில் பிடிக்கும்.

எங்கள் பள்ளியில் ஆய்வகத்துக்கு ஒரு தொட்டி வைத்தோம். போர் தண்ணீர். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து நியான் வாங்கி வந்தார்கள். மதியம் விட்டது, மறுநாள் பிரேயர் முடிந்து வந்து பார்த்தால் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்குகின்றன. எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன், தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்து, சாய்ந்த மீனோடு கூடவே விரலை நகர்த்திக்கொண்டிருந்தான். மணி அடித்தும் வகுப்புக்குப் போகவில்லை. நானும் அவனைப் போகச் சொல்லவில்லை.

அதே தொட்டியில், அதே தண்ணீரில், பிறகு விட்ட மாலி குட்டி போட்டுக் குட்டி போட்டு, இப்போது பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள்.

நம் மாவட்டத்தில் மீன் வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். போர் தண்ணீரில் ஃபுளோரைடு என்பதுதான் இங்கே எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. மீனுக்கு முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் கடினத்தன்மை. பக்கெட்டிலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிறதா? பருப்பு வேக நேரமாகிறதா? அப்படியானால் அது கடின நீர். கப்பி, மாலி, பிளாட்டி, வாள்வால் இவற்றுக்கு அது ஒத்துப்போகும், சொல்லப்போனால் பிடிக்கும். நியானும் கார்டினலும் அமேசான் பக்கத்து மென்னீர் மீன்கள். பண்ணையில் பிறந்தவை ஓரளவு தாங்கும்தான், ஆனால் கடையின் மென்னீரிலிருந்து நம் போர் தண்ணீருக்கு ஒரேயடியாக மாற்றினால் தாங்காது. மீன் பாக்கெட்டைத் தொட்டியில் மிதக்க விட்டு, அதற்குள் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஒரு மணி நேரமாவது பழக்கித்தான் விட வேண்டும். நியான்தான் வேண்டும் என்றால் ஆர்ஓ தண்ணீரையும் போர் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து, எப்போதும் அதே அளவில் கலந்தே ஊற்றுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் பிடிப்பவர்கள் குளோரினைக் கவனியுங்கள். அது மீனின் செவுளை அரிப்பதோடு ஃபில்டரில் வளர்ந்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஒருநாள் திறந்த பக்கெட்டில் வைத்தோ, ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டோதான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். யாருடைய பழைய தொட்டியிலாவது ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் ஸ்பாஞ்சு ஒரு துண்டு கிடைத்தால் சீக்கிரம் ஆகும். பாலக்கோடு பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் எங்கள் பள்ளித் தொட்டியிலிருந்து தருகிறேன்.

கிருஷ்ணகிரி ஏஞ்சல்

டீச்சர் சொல்வது பாதிதான் சரி. வாய்க்குள் போகிற அளவு மீன் எதிரே வந்தால், அது ஆரோக்கியமாக இருந்தாலும் ஏஞ்சல் தின்னும். இயற்கையில் ஆற்றிலும் அது அப்படிப் பிழைக்கிற மீன்தான். ராத்திரியில் நியானின் நிறம் மங்கி ஊதாவாகும், செடிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கும். அப்போது அதைப் பிடிப்பது ஏஞ்சலுக்குச் சுலபம். தகடூர் அண்ணா பார்த்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அதை வைத்து ஏஞ்சலைக் கொலைகாரன் ஆக்காதீர்கள். என் வீட்டில் ஏஞ்சல் ஜோடி ஒன்று அமேசான் ஸ்வார்டு செடியின் அகல இலையில் முட்டை வைத்தது. இரண்டும் மாறி மாறி நின்று மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. வெள்ளையாகிப் போன முட்டையை மட்டும் வாயால் கவ்வி எடுத்துத் தள்ளியது பெண். நடுவில் கரன்ட் போய் ஃபில்டர் நின்றது. தண்ணீர் அசைவு நின்றதும் ஆண் இலைக்கு இன்னும் நெருங்கி வந்து வேகமாக விசிற ஆரம்பித்தது. கரன்ட் வந்து ஃபில்டர் ஓடியதும்தான் தள்ளி நின்றது. நான் மொபைல் வெளிச்சத்தில் இதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ஏஞ்சலோடு டைகர் பார்ப் மீனைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஏஞ்சலின் நீளத் துடுப்பை நுனியிலிருந்து கடித்துக் கடித்துக் குச்சியாக்கிவிடும்.

காவேரிப்பட்டணம் பச்சை

எல்லோரும் மீனையே பேசுகிறீர்கள். என் கப்பிக் குட்டிகளைத் தின்றது மீனே இல்லை.

தென்பெண்ணை வாய்க்காலில் வேலம்பாசி மண்டிக் கிடக்கும். ஆற்றில் இருப்பதைக் காசு கொடுத்து எதற்கு வாங்க வேண்டும் என்று அத்தை மகன் ஒரு கை அள்ளி வந்து, அலசி, தொட்டியில் போட்டான். நன்றாகத்தான் வளர்ந்தது. குட்டிகள் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்டோடு தண்டாக மண் நிறத்தில் ஆறு கால் பூச்சி ஒன்று, ஆடாமல் இருக்கிறது. ஒரு குட்டி அதன் முன்னால் போனது. பூச்சியின் முகத்துக்கு அடியில் மடிந்திருந்த தாடை சட்டென்று நீண்டது, குட்டியைப் பிடித்தது, மடங்கியது. கண் இமைக்கும் நேரம்தான். உடம்பு அப்படியே இருக்கிறது, தாடை மட்டும் வெளியே வந்து போகிறது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். அது தும்பியின் குஞ்சு. தும்பி பறப்பதற்கு முன் தண்ணீருக்குள் இப்படித்தான் வாழும்.

வாய்க்கால் செடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. தனி பக்கெட்டில் சில வாரம் வையுங்கள். அடிக்கடி வெள்ளைத் தட்டில் எடுத்து உதறிப் பாருங்கள், பூச்சியும் நத்தை முட்டையும் தெரியும்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குச் செடி பற்றி: டீச்சர் சொன்ன கடின நீரில் நன்றாக வருவது வேலிஸ்னேரியா. ஒரு கொத்து நட்டால் மண்ணுக்கடியில் ஓடி ஓடிக் கன்று விடும். அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வெளிச்சம் குறைவாக இருந்தாலும் வளரும், மீனும் அதிகம் கடிக்காது. ஆனால் அதன் படுத்த தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி விடுங்கள், வேர் தானே பிடித்துக்கொள்ளும். நம் பக்கம் கிரானைட் துண்டுக்குப் பஞ்சமில்லை, அது தண்ணீரை மாற்றாது, கழுவிப் போடலாம். மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் வேண்டாம், இருக்கிற கடினம் இன்னும் ஏறும். சந்தேகமாக இருந்தால் வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். கிரிப்டோகோரைன் வாங்கினால் முதலில் இலை எல்லாம் கரைந்து போகும். பிடுங்கி எறியாதீர்கள், வேர் உயிரோடு இருக்கும், அங்கிருந்தே புது இலை வரும். ஹார்ன்வார்ட்டுக்கு மண்ணே வேண்டாம், மிதக்க விட்டால் போதும். அது நைட்ரேட்டை இழுத்துக்கொள்ளும், குட்டிகளுக்கும் ஒளிய இடமாகும். லைட் 6 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரம். நாள் முழுக்க எரிய விட்டால் பாசிதான் வளரும். இந்தச் செடிகளுக்கு சிஓ2 சிலிண்டர் எதுவும் தேவையில்லை.

அரூர் அண்ணாச்சி

சக்கர் மீனைப் பற்றி யாரும் எழுதவில்லையே. "டேங்க் கிளீனர்" என்று சொல்லி விரல் நீளத்தில் தருகிறார்களே, அதுதான்.

மாமா வீட்டில் கோல்டுஃபிஷோடு விட்டிருந்தார்கள். கோல்டுஃபிஷின் விலாவில் செதில் உரிந்து சிவப்பு சிவப்பாகத் திட்டு. மருந்து ஊற்றினார்கள், உப்புப் போட்டார்கள், ஆறவில்லை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது நான் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருக்கும் கோல்டுஃபிஷின் பக்கவாட்டில் சக்கர் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது துள்ளுகிறது, சக்கர் விடவில்லை. கண்ணாடியைத் தட்டியதும்தான் கழன்றது. பாசி தீர்ந்தால் மற்ற மீனின் உடம்பு வழவழப்பைச் சுரண்டித் தின்னப் பழகிவிடும்.

அந்த மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் "பாவம், ஏரியில் விட்டுவிடலாம்" என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் ஊர் ஏரியில் வலை போடுகிறவர் ஒருவர், சக்கர் சிக்கிய வலையைக் கத்தியால் அறுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள், வலையிலிருந்து உருவ முடியாது. சாப்பிடவும் யாரும் வாங்குவதில்லை. அவருடைய வலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

தகடூர் தொட்டி (தர்மபுரி)

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், வெள்ளைப் படிவு எங்கள் வீட்டிலும் உண்டு, நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. ஏஞ்சல்களை நண்பரின் பெரிய தொட்டிக்குக் கொடுத்துவிட்டேன். மகள் ஃபைட்டர் மீன் ஒன்று கேட்கிறாள். கப்பியோடு விடலாமா?

ஓசூர்க் குளிர்

வேண்டாம் அண்ணா. ஆண் கப்பியின் அகல வாலை இன்னொரு ஆண் ஃபைட்டர் என்று நினைத்துக் கிழிக்கும். ஃபைட்டருக்குத் தனியாக 20 லிட்டரில் சின்னத் தொட்டி, மூடியோடு, ஒரு ஜாவா ஃபெர்ன் போதும்.

இரண்டடித் தொட்டி, அகலமும் உயரமும் ஓரடி என்றால் கண்ணாடி அளவில் 56 லிட்டர் வரும், மண்ணும் கல்லும் போக 50 தான் நிற்கும். உங்கள் தண்ணீருக்கு நடுமட்டத்தில் பிளாட்டி, மேலே ஜீப்ரா டேனியோ ஆறு, தரையில் இப்போது இருக்கும் கோரியே. கோரி ஆறுக்குக் குறைவாக இருந்தால் இன்னும் சேருங்கள், தனியாக இருந்தால் ஒளிந்தே கிடக்கும். மிச்சமுள்ள நியான்களை டீச்சர் சொன்ன கலவைத் தண்ணீருக்கு மாற்றப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிளாட்டிக்குக் கடின நீர் வேண்டும், நியானுக்கு வேண்டாம், இரண்டையும் ஒரே தொட்டியில் இழுக்காதீர்கள். தர்மபுரியில் எங்கள் அளவுக்குக் குளிராது, இருந்தாலும் மார்கழிக்கு 50 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது அதை அணைத்து, ஆறிய பிறகே வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விடும்.