வீட்டிலேயே பிளவுஸ் தைக்க முதலில் எந்தக் கருவிகளை வாங்க வேண்டும்?

புதுநூல்:
மூன்று மாதத் தையல் வகுப்பை முடித்திருக்கிறேன். எனக்கு பிளவுஸும் மகளுக்குப் பாவாடை சட்டையும் வீட்டிலேயே தைக்க விரும்புகிறேன். அம்மாவின் பழைய கால்மிதி இயந்திரம் நல்ல நிலையில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் பல வகைத் தையல் போடும் மோட்டார் இயந்திரத்தை வாங்கலாமா, அல்லது அந்தப் பணத்தில் மற்ற கருவிகளை வாங்குவது நல்லதா? கடையில் எண்பது பொருட்கள் அடங்கிய தையல் பெட்டி ஒன்றையும் காட்டினார்கள்; அதில் பாதிப் பொருட்களின் பயன் எனக்கு விளங்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெட்டுமேசை:
இயந்திரத்தை மாற்ற வேண்டாம், சகோதரி. பிளவுஸுக்கும் பாவாடைக்கும் நேர்த்தையல் ஒன்றே போதும். பிசிறும் ஓரங்களை அருகிலுள்ள ஓவர்லாக் கடையில் கொடுத்து அடித்து வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியும் தேவையில்லை.

பணத்தை முதலில் கத்தரிக்கோலுக்குச் செலவிடுங்கள். 9 அல்லது 10 அங்குல நீளத்தில், கைப்பிடி மேல்நோக்கி வளைந்ததாகப் பாருங்கள். அந்த வளைவு இருந்தால்தான் வெட்டும்போது கீழ் அலகு மேசையை ஒட்டியே செல்லும், துணியும் தூக்கிக்கொண்டு நகராது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரிக்கோல்கள், சாணை பிடித்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தக்கூடியவை. கடைக்குப் போகும்போது லைனிங் துணியில் ஒரு துண்டைக் கொண்டுபோய், நான்காக மடித்து, அலகின் நுனியால் வெட்டிப் பாருங்கள். நுனி துணியைக் கடித்து மடக்காமல் நான்கு மடிப்பையும் ஒரே வெட்டில் அறுக்க வேண்டும், ஏனெனில் கழுத்து வளைவும் அக்குள் வளைவும் அந்த நுனியை நம்பித்தான் இருக்கின்றன. அதில் காகிதம் வெட்ட வீட்டில் எவரையும் விடாதீர்கள்.

இழை:
கத்தரிக்கோலுக்கு அடுத்தது இஞ்சு டேப். என் தங்கையின் பட்டு பிளவுஸ் ஒன்று அதனால்தான் பாழானது. பழைய டேப்பால் மார்பளவு எடுத்தபோது 36 வந்தது. துணியில் இரும்பு ஸ்கேலை வைத்துக் குறித்தேன். தைத்து முடித்த பிறகு கொக்கி மாட்டவே முடியவில்லை. டேப்பை ஸ்கேலின் மேல் படுக்கவைத்துப் பார்த்தபோது, அது நீண்டுபோய், அதன் 12 அங்குலக் கோடு ஸ்கேலில் 12¼ அங்குலத்தில் நின்றது. அப்படியானால் 36 என்று நான் எழுதிய மார்பளவு உண்மையில் 36¾. பிரித்துத் தளர்த்தலாம் என்றால் உள்ளே துணியும் போதுமான அளவு விட்டிருக்கவில்லை. ஆகவே ஃபைபர் கலந்த, நீளாத டேப்பாக வாங்குங்கள். அளவெடுக்கவும் வெட்டவும் ஒரே டேப்பைப் பயன்படுத்துங்கள்.

ஊசியில் பலர் கவனம் வைப்பதில்லை. பருத்தி பிளவுஸுக்கு 14ஆம் எண், மெல்லிய பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் 11ஆம் எண், ஜீன்ஸ் துணிக்கு 16ஆம் எண் ஊசி ஏற்றது. வீட்டு இயந்திர ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். முழு உருண்டைத் தண்டு கொண்டவை தொழிற்கூட இயந்திரங்களுக்கு உரியவை. தட்டைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நீண்ட பள்ளம் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்தே நூலைக் கோக்க வேண்டும். மாற்றிக் கோத்தால் தையல் விட்டுவிட்டு விழும், நூலும் அறுந்துகொண்டே இருக்கும்.

காஜா:
அயர்ன் பெட்டியைத் தையல் கருவியாகவே கருதுங்கள். டார்ட் (உடல் வளைவுக்கேற்பப் பிடித்துத் தைக்கும் மடிப்பு) பிடித்ததும், தோள் இணைத்ததும், அடுத்த தையலுக்குப் போகும் முன் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். கடைப் பிளவுஸின் படிவு அதனால்தான் வருகிறது. பருத்தி லைனிங்கை நனைத்து, உலர்த்தி, தேய்த்த பிறகே வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுக்கும். இவற்றுடன் டெய்லர் சாக், தையல் பிரிக்கும் கருவி, குண்டூசி, அடிநூல் சுற்றும் பாபின்கள் உபரியாக நான்கைந்து, இயந்திர எண்ணெய் ஆகியவை இருந்தால் போதும்.

புதுநூல்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவின் டேப்பை இன்றே ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். 12 அங்குலத்துக்கு ஒரு நூல் (⅛ அங்குலம்) அளவு கூடுதலாக இருக்கிறது. இயந்திரத்தின் இழுப்பறையில் இருந்த ஊசிகள் எல்லாம் 18ஆம் எண். ஜார்ஜெட்டில் ஓட்டை ஓட்டையாக விழுந்ததற்குக் காரணம் இப்போது புரிகிறது. நாளை 11, 14ஆம் எண் ஊசிகளையும் புதிய டேப்பையும் வாங்கிவிட்டு, லைனிங் துண்டுடன் கத்தரிக்கோல் பார்க்கப் போகிறேன்.