குளோன் 63 சதவீதத்தில் நின்றுவிடுகிறது: புது எஸ்எஸ்டியில் கோளாறா?

கேள்வி:
நண்பர்களே, எட்டு வருஷப் பழைய லேப்டாப், உள்ளே 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஒரு மாதமாக ஆமை வேகம். போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் 'டிக் டிக்' என்று சத்தம் வேறு. 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி, யூஎஸ்பி கேபிளில் மாட்டி, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் குளோன் போட்டேன். மூன்று தடவையும் 63 சதவீதத்தில் 'ரீட் எரர்'. எஸ்எஸ்டி சரியில்லையா, கேபிளா? நிரம்பியிருப்பது 210 ஜிபிதான்.

பதில் 1:
விண்டோஸோட டிஸ்க் சோதனைக் கட்டளை செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) போட்டு ஓட்டுங்க, பேட் செக்டாரை, அதாவது டிஸ்க்கில் கெட்டுப்போன துண்டுகளை, ஒதுக்கிடும். அப்புறம் குளோன் போகும். எனக்குப் போச்சு.

பதில் 2:
ஐயோ, வேண்டாம் சார். ஸ்லாஷ் ஆர் டிஸ்க்கை மூலைமுடுக்கு விடாமல் படிக்கும். மூச்சு வாங்குகிறவரை மாடிப்படி ஏறச் சொல்கிற கதை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு, 05, சி5 என்ற இரண்டு வரிகளுக்கும் ரா வேல்யூ என்னவென்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
மஞ்சளில் 'காஷன்' காட்டுகிறது. 05-இல் 30, சி5-இல் 1ஏ.

பதில் 2:
அது ஹெக்ஸ் கணக்கு, பதினாறு பதினாறாக எண்ணுவது: 30 என்றால் 48, 1ஏ என்றால் 26. 48 செக்டாரை டிஸ்க் ஏற்கெனவே ஓரங்கட்டிவிட்டது; இன்னும் 26 படிக்க முடியாமல் தொங்குகிறது. குளோன் அங்கேதான் முட்டி நிற்கிறது, எஸ்எஸ்டியும் கேபிளும் பாவம். இனி குளோனை மறந்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து, பழைய டிஸ்க்கை ரீட் ஒன்லியாக (எதையும் எழுதாமல், படிக்க மட்டும்) மவுண்ட் செய்து, வேறொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் முக்கியமானதை மட்டும் முதலில் எடுங்கள். எரர் வரும் ஃபைலோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அந்த 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இருக்கட்டும்.

பதில் 3:
நானாக இருந்தால் ஃபைல் ஃபைலாகத் தொடமாட்டேன். முதல் வேலையே டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கை மீட்கும் லினக்ஸ் புரோகிராம்) வைத்து முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக நகலெடுக்கும் இமேஜ்தான். நல்ல பகுதியை முதலில் வாரிக்கொண்டு, அடம்பிடிப்பதைக் கடைசியில் பார்க்கும். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்தால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் முழு 500 ஜிபிக்கும் இடம் வேண்டும், உங்கள் 480-இல் அடங்காது.

பதில் 2:
இடம் இருந்தால் அதுதான் சரி, ஒப்புக்கொள்கிறேன். எப்படியானாலும் எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகவே போடுங்கள். டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது. அதே எடிஷனைப் போட்டு நெட்டில் இணைத்தால் ஆக்டிவேட் ஆகிவிடும்.

கேட்டவர்:
1 டிபி எக்ஸ்டர்னல் இரவல் வாங்கி டிடிரெஸ்க்யூ ஓட்டினேன். ராத்திரி முழுக்க ஓடியது. 11 போட்டோ மட்டும் பாதி சாம்பல் நிறமாக வருகிறது, மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. இப்போது ஒரு சின்னத் தொல்லை: எஸ்எஸ்டி டிரேயில் லொடலொடவென்று ஆடுகிறது.

பதில் 3:
பழைய டிஸ்க் 9.5 மிமீ தடிமனாக இருந்திருக்கும், புதியது 7. எஸ்எஸ்டி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? சிலவற்றில் 2.5 மிமீ பிளாஸ்டிக் சட்டம் ஒன்று இருக்கும், பாருங்கள். மாட்டுமுன் பேட்டரி கனெக்டரைக் கழற்ற மறக்காதீர்கள்.

கேட்டவர்:
பெட்டிக்குள்ளேயே இருந்தது! ஏதோ பேக்கிங் என்று நினைத்துவிட்டேன்.