முள் கால் டேங்குக்கு மேலே, வண்டி நடுரோட்டில்

என்னுடையது 2003 சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். போன வருடம் டர்போவும் இன்ஜெக்டரும் பெரிதாக்கினேன். அதற்குத் தோதாக பெட்ரோல் பம்பையும் மணிக்கு 255 லிட்டர் தள்ளும் வால்ப்ரோ கம்பெனி பம்பாக மாற்றச் சொன்னேன். பட்டறையிலிருந்து வந்ததும் ஃபுல் டேங்க் அடித்தேன். ஒரு வாரம் எந்தக் குறையும் இல்லை.

அடுத்த வாரம் சிரம்பான் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது இரண்டு தடவை வெட்டியது. அப்புறம் ஒரேயடியாக அணைந்துவிட்டது. பெட்ரோல் முள் காலுக்கும் அரைக்கும் நடுவில் நிற்கிறது, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. சாவியைத் திருப்பினால் பம்ப் ஓடுகிறது, ஆனால் வழக்கமான முனகல் இல்லை. வெறும் மிக்ஸி ஜார் ஓடுகிற மாதிரி கீச்சென்ற சத்தம். தம்பி ஒரு கேனில் 5 லிட்டர் கொண்டுவந்து ஊற்றினான், உடனே ஸ்டார்ட் ஆனது. பக்கத்து பங்க்கில் நிரப்பினேன், 35 லிட்டரில் ஆட்டோ கட் ஆகிவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் அன்று குறித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெட்டிச் செலவு. ஃபில்டர் மாற்றினோம், ரிலே மாற்றினோம். "பம்ப் டூப்ளிகேட்டாக இருக்கும்ணே" என்றார்கள், இன்னொரு பம்ப் வாங்கிப் போட்டோம். கடைசியில் டியூனிங் மேல் பழி போட்டார்கள். ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் டேங்கை நிரப்பிக் கொடுத்ததால் ஒரு வாரம் நன்றாக ஓடும், அப்புறம் அதே கதை.

மூன்றாவது தடவை நின்றபோதுதான் பங்க் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். இந்த டேங்க் 60 லிட்டர். காலியாகி நின்ற வண்டிக்கு கேனில் 5, பங்க்கில் 35, மொத்தம் 40 லிட்டர்தான் பிடிக்கிறது. மீதி 20 லிட்டர் எங்கே?

நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால் பின் டிஃபரன்ஷியலுக்குப் போகும் தண்டு டேங்குக்கு அடியில் போகிறது. அதற்கு இடம் விட்டு டேங்கைக் குதிரைச் சேணம் மாதிரி செய்திருக்கிறார்கள், நடுவில் மேடு, இரு பக்கமும் பள்ளம். பம்ப் இருப்பது வலது பள்ளத்தில் மட்டும். இடது பள்ளத்திலிருந்து பெட்ரோலை இந்தப் பக்கம் கொண்டுவருவது ஜெட் பம்ப். அதற்கு மோட்டார் கிடையாது. இன்ஜினுக்குப் போய் மிச்சமாகித் திரும்பும் பெட்ரோல் ஒரு குறுகிய துளை வழியாகப் பீய்ச்சும். அந்த வேகமே இடது பக்கத்திலிருந்து உறிஞ்சி இழுத்துவரும். கொசு மருந்து அடிக்கும் பழைய கைப் பம்ப் டப்பாவிலிருந்து மருந்தை மேலே இழுக்கிறதே, அதே கதைதான். இரண்டு பள்ளத்திலும் தனித்தனி மிதவை உண்டு, முள் இரண்டையும் சேர்த்துக் காட்டும். ஆகவே முள் பொய் சொல்லவில்லை. பெட்ரோல் இருந்தது, பம்ப் இல்லாத பக்கத்தில்.

பின்சீட்டை எடுத்து இரண்டு மூடியையும் திறந்தேன். (வெளியே, காற்று வரும் இடத்தில், தீயணைப்பான் பக்கத்தில். குண்டு பல்பு விளக்கை அங்கே கொண்டு போகாதீர்கள்.) இடது பக்கம் நல்ல மட்டத்துக்குப் பெட்ரோல் பளபளக்கிறது. வலது பக்கம் பம்பின் வலைப்பை அடியில் ஒரு கை அளவு ஈரம்.

பம்ப் தட்டின் மேல் மூன்று குழாய்கள். ஒன்று இன்ஜினுக்குப் போவது, ஒன்று திரும்பி வருவது, மூன்றாவது இடது பக்கத்திலிருந்து வரும் ஜெட் பம்ப் குழாய். என் வண்டியில் பின்னிரண்டும் இடம் மாறியிருந்தன. புது கிளாம்ப் மின்னிக்கொண்டிருந்தது. திரும்பி வரும் பெட்ரோல் துளை வழியாகப் போகாமல் நேரே வலது பள்ளத்தில் கொட்டியிருக்கிறது, உறிஞ்சல் என்பதே இல்லை. இடம் மாற்றி மாட்ட பத்து நிமிடம். மறுநாள் கால் டேங்கில் வேண்டுமென்றே நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன், ஒரு வெட்டல் இல்லை.

பட்டறை பெயர் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். வேலை முடிந்ததும் நானும் திறந்து பார்த்திருக்கலாம்.

* * *

அண்ணே, என் கதையில் பட்டறைக்காரர் இல்லை, குற்றவாளி நானேதான். பம்ப் மாற்றும்போது டேங்குக்குள் இருந்த ஒரு சாண் ரப்பர் குழாய் கிழிந்துவிட்டது. கடையில் நல்ல பெட்ரோல் ஹோஸ் என்று ஆர்9 வாங்கி மாட்டினேன். அது உள்ளே பெட்ரோல் ஓடுவதற்கு உள்ளது, பெட்ரோலில் மூழ்கிக் கிடப்பதற்கு இல்லை, வெளித்தோல் தாங்காது. மூழ்கும் இடத்துக்கு ஆர்10 என்று தனியாக இருக்கிறது, விலை பல மடங்கு. நான்கு மாதத்தில் என் குழாய் ஊறிப் பெருத்து, கிளாம்ப் பக்கத்தில் வாய் பிளந்துவிட்டது. பம்ப் தள்ளுவதில் பாதி டேங்குக்குள்ளேயே கொட்டியது. மெதுவாகப் போனால் தெரியாது, மிதித்தால் பெட்ரோல் பிரஷர் விழும். வெளியே ஒரு சொட்டுக் கசிவு கூட இல்லாததால் கண்டுபிடிக்கவே ஒரு மாதம்.

ஒரு சந்தேகம். பெரிய பம்ப் போட்ட பிறகு ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) பிரஷர் ஏறி நிற்கிறது. ஜெட் பம்பின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கலாமா?

* * *

தம்பி, இடையில் நுழைகிறேன், துளையில் கை வைக்காதே. நான் அதைவிட மோசமாகச் செய்தவன்.

செப்பாங் ரேஸ் ட்ராக்கில் ட்ராக் டே ஓடுவதற்காக டிக்கியில் சர்ஜ் டேங்க் வைத்தேன், வளைவில் பெட்ரோல் ஒதுங்கினாலும் இன்ஜினுக்குத் தட்டாமல் கொடுக்கும் சின்னத் துணை டேங்க் அது. திரும்பும் பெட்ரோல் ஜெட் பம்பின் துளையில் தேங்குகிறது என்று அந்தக் குழாயை ஜெட் பம்புக்கே விடாமல் நேராக டேங்க் வாய்க்குத் திருப்பிவிட்டேன். பிரஷர் அழகாக அடங்கியது. டேங்கின் இடது பக்கம் செத்துப்போனது எனக்குத் தெரியாது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். ஆறாவது சுற்றில் பின் நேர்பாதையில் முழு பூஸ்டில் இருக்கும்போது காற்று-பெட்ரோல் அளவு 11.5லிருந்து 14க்கு எகிறியது, அதாவது பெட்ரோல் பற்றவில்லை. மீட்டரைப் பார்த்துக் காலை எடுத்ததால் பிஸ்டன் தப்பியது. சர்ஜ் டேங்க் வளைவில் காப்பாற்றும். அதையே நிரப்ப ஆளில்லை என்றால் அதுவும் காலிதான்.

இப்போது திரும்பும் பாதையை இரண்டாகப் பிரித்துவிட்டேன். ஒரு கிளை பழையபடி ஜெட் பம்புக்கு, மிச்சம் நேரே டேங்குக்கு. நீ முதலில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்யூம் குழாயைக் கழற்றி, அந்தக் குழாயின் வாயை அடைத்துவிட்டு, ஐடிலில் பிரஷர் கேஜைப் பார். 3 பாருக்கு இறக்கப் பார்த்தும் இறங்க மாட்டேன் என்றால் திரும்பும் வழி நெருக்கடி. எவ்வளவு காட்டுகிறது என்று சொல், மேலே பேசலாம்.

* * *

3.6 காட்டுகிறது அண்ணே. ரெகுலேட்டர் ஸ்க்ரூவை முழுக்கத் தளர்த்தியும் அதே 3.6. சனிக்கிழமை குழாயை இரண்டாகப் பிரிக்கும் ஒரு டீ கனெக்டர் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வரவா?