உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பிள்ளைகள்?

2019 ஜூலை 1 முதல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் எங்கள் மாவட்டமான மான்ட்கமரி கவுண்டியின் சில பகுதிகளில் புதிய குடியிருப்புகளுக்கு ஒப்புதல் தருவதை நிறுத்திவைத்தார்கள். சில்வர் ஸ்பிரிங்கும் அதில் அடக்கம். காரணம் பள்ளிகளின் நெரிசல். ஐந்து ஆண்டுகளில் மாணவர் எண்ணிக்கை கொள்ளளவில் 120 விழுக்காட்டைத் தாண்டும் என்று கணக்கு வந்தால், அந்தப் பகுதியில் ஓராண்டுத் தடை தானாகவே நடைமுறைக்கு வரும் என்பது அப்போதைய விதி. முன்பே ஒப்புதல் பெற்ற கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருந்தன. கிரேனைப் பார்த்துவிட்டு ‘இதென்ன தடை?’ என்று கேட்காதவர் இல்லை.

நான் தடையை ஆதரித்தவன். என் பெரியவளுக்கு வகுப்பு நடந்தது பள்ளி வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்திய போர்ட்டபிள் அறையில். ஜனவரிக் குளிரில் கழிப்பறைக்குப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய கட்டடத்துக்கு ஓடுவாள். அந்தக் கோபத்தோடு குடியிருப்போர் கூட்டத்தில் எழுந்து, எல்லாம் அடுக்குமாடிகளால் வந்த வினை என்று பேசினேன். எழுபதைத் தாண்டிய எதிர்வீட்டு அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு வீட்டை விற்றவர்களுக்குப் பள்ளி வயதில் பிள்ளைகள் இருந்தார்களா?”

இல்லை. ஓய்வுபெற்ற தம்பதி.

“இப்போது அந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள்?”

மூன்று பேர். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மாணவர் பெருக்கத்தில் பெரும்பங்கு பழைய வீடுகள் கைமாறுவதால் வருகிறது என்று கவுண்டியின் திட்டமிடல் துறையும் சொன்னதைப் பிறகுதான் படித்தேன். முதலில் படித்திருந்தால் மானம் தப்பியிருக்கும்.

மறுமொழி 1

அம்மையார் கேட்டது சரி. ஆனால் நீங்கள் அவசரப்பட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். பழைய வீடு கைமாறுவதை எந்தக் கவுண்டி தடுக்க முடியும்? நிறுத்தக்கூடியது புதுக் கட்டடம் ஒன்றுதான். கையில் இருந்த ஒரே கடிவாளத்தை இழுத்தார்கள். என் மகன் பள்ளியில் மதிய உணவு காலை பத்தரைக்கே தொடங்கும், அத்தனை நெரிசல். அந்த வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

மறுமொழி 2

நான் அப்போது வாடகைக்கு இருந்தேன், இப்போதும் அப்படித்தான். அந்த ஆண்டு மூன்று கூட்டங்களுக்குப் போனேன். பேசியவர்கள் அநேகமாக எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். ஒரு முறை நான் எழுந்து, “ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடே கட்டக்கூடாது என்றால் நாங்கள் எங்கே போவது?” என்று கேட்டேன். ஒருவர் மிகவும் கனிவாக, அடுத்த கவுண்டியில் வாடகை குறைவு என்று வழிகாட்டினார்.

2020 நவம்பரில் கவுண்டி மன்றம் தானாக நடைமுறைக்கு வரும் தடையை எடுத்துவிட்டு, நெரிசல் மிகுந்த பள்ளிப் பகுதிகளில் கட்டுவோர் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும் என்று மாற்றியது. கனிவான அந்த மனிதர் அதையும் எதிர்த்துப் பேசினார். அவருடைய வரிசையில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.