அவசர உதவி: மாருதி எஸ்டீம் ஷெல்லில் டிரைவர் கதவு மூடவில்லை

வெள்ளை_எஸ்டீம்:
வணக்கம். கோவை கரி ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக வண்டியை மொத்தமாகப் பிரித்துவிட்டேன். சீட், டாஷ்போர்டு, ஏசி, வயரிங், தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட் எல்லாம் வெளியே. வெறும் பாடியாக நிற்கும் ஷெல்லில் வெல்டிங்கும் முடிந்தது. நேற்று கதவுகளை மாட்டிப் பார்த்தால் டிரைவர் பக்கம் மட்டும் மூட மாட்டேன் என்கிறது. கதவின் பின்பக்க மேல்மூலை நடுத்தூணில் இடிக்கிறது. கீல் போல்ட்டைத் தளர்த்தி எப்படி நகர்த்தினாலும் அதே கதைதான். ரோல் கேஜ் (வண்டி உருண்டால் ஓட்டுகிறவரைக் காக்கும் பைப் கூண்டு) வைக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மூணாவது_கியர்:
எந்த வருஷ வண்டி? இன்ஜின் உள்ளே இருக்கிறதா, இறக்கிவிட்டீர்களா? மற்ற மூன்று கதவும் எப்படி? வெல்டிங் எங்கே செய்தீர்கள்? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

சேலம்_டிங்கர்:
கீல் பின் தேய்ந்திருக்கும் சார். டிரைவர் கதவுதான் அதிகம் திறந்து மூடுவது. பாதி திறந்து வைத்து நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் பின்னும் புஷ்ஷும் மாற்றினால் போதும். ஷெல்லைத் தொடவே வேண்டாம்.

வெள்ளை_எஸ்டீம்:
2003 மாடல். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் வெளியே. பின் கதவுகள் சரியாக மூடுகின்றன, பாசஞ்சர் முன் கதவு கொஞ்சம் இறுக்கம். கீல் ஆடவில்லை. ஷெல் கெட்டியாக இருக்கட்டும் என்று, கதவு வாயைச் சுற்றிக் கம்பெனி புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டிங் வைத்த விளிம்பு முழுக்க மிக் வெல்டிங்.

பழைய_பிஸ்டன்:
தம்பி, கதவைக் கழற்றுவதற்கு முன்னால் கதவைச் சுற்றி இருக்கிற கேப் அளந்து எழுதி வைத்தீர்களா? வைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சென்னைப் பக்கம் சோழவரம் விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து நான் ஷெல் வேலை பார்க்கிறேன். பிரிப்பது யாருக்கும் வரும், ஸ்பானர் பிடித்தால் போதும். அளப்பதற்குத்தான் பொறுமை வேண்டும். முதலில் அடிப்படையைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

ரெட்_ஆக்சைடு:
ஐயா, அளந்திருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அவர் இப்போது சிக்கிக்கொண்டு நிற்கிறார், அதற்கு வழி சொல்வோம். வெள்ளை எஸ்டீம், இரண்டு விஷயம் வேண்டும். வெல்டிங் செய்தபோது ஷெல் எதன் மேல் உட்கார்ந்திருந்தது? ஒரே மூச்சில் ஓட்டினீர்களா, விட்டு விட்டா?

வெள்ளை_எஸ்டீம்:
நாலு ஆயில் டிரம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஷெட்டில் மண் தரை. டிரைவர் பக்கம் ஒரே சாயங்காலத்தில் முடித்தோம், மறுநாள் அடுத்த பக்கம். தார் ஷீட்டை ஹீட் கன்னில் காட்டிச் சுரண்டி, மீதியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தோம். கேஜுக்கு ஒன்றரை இன்ச் ஈஆர்டபிள்யூ பைப் வாங்கியாச்சு.

ரெட்_ஆக்சைடு:
சரி, இப்போது புரிகிறது. எஸ்டீமுக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். இரண்டு முனையையும் டிரம்மில் தாங்கினால் நடுப்பகுதி இறங்கப் பார்க்கும். அப்போது கதவு வாயின் மேல்பக்கம் சுருங்கும், கீழ்ப்பக்கம் விரியும். உங்களுக்கு மேல்மூலை இடிப்பது அதனோடு பொருந்துகிறது. கீல் தேய்ந்திருந்தால் கதவு தொங்கிக் கீழேதான் உரசும்.

ஆனால் கூரை இருக்கிற வெறும் ஷெல் தன் எடைக்கு இவ்வளவு வளையாது. என் சந்தேகம் மண் தரை மேல்தான். ஒரு டிரம் விரல் அகலம் புதைந்தாலும் ஷெல் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய நிலையிலேயே விளிம்பு முழுக்க வெல்டிங் ஓட்டினால் அது அப்படியே நின்றுவிடும். வெல்டிங் ஆறும்போது வேறு சுருங்கி இழுக்கும். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு இன்ச் வெல்டிங் தையல், இரண்டு இன்ச் இடைவெளி, உடனே எதிர்ப்பக்கம் போய் ஒரு இன்ச், இப்படித்தான் ஓட்ட வேண்டும். கதவு மாட்டி, பூட்டி வைத்துவிட்டு.

இப்போது செய்ய வேண்டியது: ஷெல்லைச் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோங்கள். ரன்னிங் போர்டுக்குக் கீழே, ஜாக்கி வைக்கிற இடத்தில் நாலு ஸ்டாண்டு கொடுத்து லெவல் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இரண்டு பைப் எடுத்து, மேல் கீல் ஓட்டையிலிருந்து நடுத்தூணின் அடிமூலை வரை நீட்டிக் கோடு போடுங்கள். அதே பைப்பை அடுத்த பக்கம் வையுங்கள். பிறகு மற்ற மூலைவிட்டம். இடதும் வலதும் எவ்வளவு வித்தியாசம் என்று இங்கே எழுதுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேஜ் வேண்டாம். தயவுசெய்து ஆளை நிறுத்துங்கள். கோணலான ஷெல்லுக்குள் கேஜை வெல்டிங் செய்துவிட்டால் அப்புறம் எந்த ஜாக்கியும் அதை நேராக்காது.

சேலம்_டிங்கர்:
மண்ணெண்ணெய் விட்டால் இடுக்கில் நின்றுவிடும் சார். அதன் மேல் வெல்டிங் அடித்தால் டப்டப்பென்று வெடித்து ஊசித்துளை விழும். டார்ச் லைட் அடித்துப் பாருங்கள், தேன்கூடு மாதிரி இருந்தால் அந்தத் தையலில் பலமே இல்லை. அடுத்த முறை உலர் பனிக்கட்டி போடுங்கள். மைனஸ் 78 டிகிரி, தார் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். சுத்தியலால் தட்டினால் தட்டுத் தட்டாகப் பெயரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஷெட் கதவைத் திறந்து வையுங்கள்.

மூணாவது_கியர்:
கதவை விடுங்கள். ஒன்றரை இன்ச் ஈஆர்டபிள்யூவில் ரோல் கேஜா? அது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டிய பைப். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவின் விதி கேட்பது தையல் இல்லாத (சீம்லெஸ்) கோல்ட் டிரான் பைப், அதாவது சூடாக்காமல் இழுத்துச் செய்தது. தலைக்குப் பின்னால் வரும் பெரிய வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 கனம், இல்லையென்றால் 50க்கு 2. உங்களுடையது 38தான் வருகிறது.

பட்டறை_பையன்:
ப்ரோ, எங்கள் ஊரில் பாதிப் பேர் ஈஆர்டபிள்யூதான் போடுகிறார்கள். சீம்லெஸ் விலை தெரியுமா? லோக்கல் டிராக் டேவுக்கு உலக ரேஸ் விதி எதற்கு? வளைக்கும்போது தையலை நடு அச்சில் வைத்து வளைத்தால் ஒன்றும் ஆகாது.

மூணாவது_கியர்:
வண்டி உருளும்போது லோக்கல், உலகம் என்று பார்த்தா உருளும்? நான் ஒரு கேஜ் உடைந்து பார்த்திருக்கிறேன். வளைவில் தையலோரமாக நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. ஓட்டியவர் பிழைத்தார், தோள்பட்டை போனது. அந்தப் பணத்தைப் பெயின்டில் மிச்சம் பிடிக்கலாம்.

பழைய_பிஸ்டன்:
இந்த விஷயத்தில் மூணாவது கியர் சொல்வதுதான் சரி. கேஜ் கால் ஊன்றும் இடத்தில் 3 மில்லிமீட்டர் தகடு, குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர். அது இல்லாமல் வெறும் தரையில் ஊன்றினால், எந்தப் பைப்பாக இருந்தாலும் தரையைக் குத்திக்கொண்டு இறங்கும்.

பட்டறை_பையன்:
காசு இருப்பவர்கள்தான் ரேஸ் ஓட்ட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

மூணாவது_கியர்:
அப்படிச் சொல்லவில்லை. கேஜுக்குப் பணம் சேரும் வரை கேஜ் கேட்காத போட்டியில் ஓட்டுங்கள். ஒரு வருஷம் தள்ளிப் போனால் போகட்டும்.

ரெட்_ஆக்சைடு:
வெள்ளை எஸ்டீம், அளந்தீர்களா?

ரெட்_ஆக்சைடு:
நாலு நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கேஜ் வைத்துவிட்டீர்களோ என்றுதான் கவலை.

வெள்ளை_எஸ்டீம்:
மன்னிக்கவும், ஷெட்டிலேயே இருந்துவிட்டேன். கேஜ் வைக்கவில்லை. டிரைவர் பக்க முன் டிரம் ஒரு இன்ச்சுக்கு மேல் புதைந்திருந்தது. மூலைவிட்டம் 7 மில்லிமீட்டர் வித்தியாசம். சிமெண்டில் ஏற்றி லெவல் செய்ததும் 4 ஆனது. நடுத்தூணின் மேல்பகுதித் தையலை கிரைண்டரால் அறுத்து, பவர் ஜாக்கி கொடுத்துத் தள்ளினோம், இப்போது 1. கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடுகிறது. அறுத்த இடத்தில் ஊசித்துளை நிறைய, சேலம் அண்ணன் சொன்னது போலவே. மறுபடி இன்ச் இன்ச்சாக ஓட்டுகிறேன். ஈஆர்டபிள்யூ பைப்பைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டாராம், ஷெட்டுக்குப் பந்தல் போட்டுக்கொள்கிறேன்.