இருப்பிட அனுமதியை மறுத்த பிறகும் செயலிகள் நம்மைப் பின்தொடர்வது எப்படி?

கயல்விழி (கேள்வி):

என் திறன்பேசியில் வரைபடச் செயலியைத் தவிர வேறு எதற்கும் இருப்பிட அனுமதி கொடுக்கவில்லை. ஒலிவாங்கி அனுமதியையும் பெரும்பாலான செயலிகளுக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆயினும் நான் சென்று வந்த பகுதியைச் சேர்ந்த விளம்பரங்கள், அந்த அனுமதியே இல்லாத செயலிகளிலும் தோன்றுகின்றன. நாம் பேசுவதைக் கைப்பேசி ஒட்டுக்கேட்கிறது என்று வீட்டில் உறுதியாக நம்புகிறார்கள். அது உண்மையா, அல்லது வேறு வழியில் இது நடக்கிறதா? தனியுரிமைக் கொள்கைகளில் பெயர் நீக்கிய தரவை மட்டுமே பகிர்வதாகச் சொல்கிறார்கள். பெயரில்லாத தரவு என்றால் அதைக் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு என்ன பயன்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இளங்கோ:

முதலில் ஒட்டுக்கேட்பதைப் பற்றி. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒலிவாங்கியை இரகசியமாக இயக்கிப் பேச்சை வெளியே அனுப்பியதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் பயனர் திரையில் செய்வதைப் படமாகப் பிடித்து மூன்றாம் தரப்புக்கு அனுப்பிய செயலியைக் கண்டார்கள். குரல் உதவியாளர்களின் நிலை வேறு. தவறுதலாக விழித்துக்கொண்டு அவை பதிவுசெய்த பேச்சுகளையும், தரத்தைச் சோதிப்பதற்காக ஒப்பந்தப் பணியாளர்கள் கேட்டார்கள் என்பது 2019-இல் வெளிவந்தது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 ஆகிய பதிப்புகள் முதல் ஒலிவாங்கி இயங்கும்போது திரையின் மேல்பகுதியில் ஓர் அடையாளம் தோன்றுகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கு அதைக் காட்டுங்கள்.

நீங்கள் கண்ட விளம்பரங்களுக்கு ஒட்டுக்கேட்பு தேவையே இல்லை. அனுமதி மறுக்கப்பட்ட செயலியும் இணையத்தோடு பேசும்போது உங்கள் இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐபி முகவரியை வெளிப்படுத்துகிறது. அதிலிருந்தே ஏறத்தாழ எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கணிக்கலாம். இதைவிட முக்கியமானது, பல செயலிகளுக்குள் விளம்பர நிறுவனங்களும் பகுப்பாய்வு நிறுவனங்களும் எழுதிக் கொடுத்த நிரல் தொகுப்புகள் பொதிந்திருப்பதுதான். ஒரே நிறுவனத்தின் தொகுப்பு வானிலைச் செயலியிலும் இருக்கலாம், விளையாட்டிலும் இருக்கலாம். வானிலைச் செயலிக்கு இருப்பிட அனுமதி உண்டு, விளையாட்டுக்கு இல்லை. ஆனால் இரண்டும் விளம்பரங்களுக்காகக் கைப்பேசிக்குத் தரப்பட்டுள்ள ஒரே விளம்பர அடையாள எண்ணை அனுப்புவதால், ஒன்றில் கிடைத்த இருப்பிடம் மற்றொன்றில் காட்டும் விளம்பரத்துக்குப் பயன்பட்டுவிடுகிறது. நாம் அனுமதி கொடுப்பது செயலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக; அவர்கள் தரவைச் சேர்த்து வைப்பதோ கைப்பேசி முழுவதற்கும் ஒன்றாக. உங்கள் வினாவின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மதிவாணன்:

பெயர் நீக்கிய தரவு என்னும் சொல்லாடலை நான் ஏற்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளைப் பெயரின்றி ஆராய்ந்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கு புள்ளிகள் தெரிந்தாலே, 95 விழுக்காட்டினரை அந்தக் கூட்டத்திலிருந்து தனித்துப் பிரித்துவிட முடிந்தது. காரணம் எளியது. கைப்பேசி இரவில் தங்கும் இடம் உங்கள் வீடு, பகலில் தங்கும் இடம் உங்கள் பணியிடம். இவ்விரண்டையும் ஒருசேரக் கொண்ட வேறொருவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். கைரேகை போலத்தான் இந்தத் தடம். அதில் பெயர் எழுதப்படவில்லை என்பதால் அது யாருடையது என்று தெரியாமல் போவதில்லை.

அதனால்தான் அது விலைபோகிறது. விளம்பரம் உள்ள பக்கம் ஒன்று திறக்கும்போது, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. உங்கள் அடையாள எண், சாதன வகை, சில வேளைகளில் இருப்பிடம் ஆகியவை ஏலம் கேட்கும் பலருக்கும் அனுப்பப்படுகின்றன. வெல்பவர் ஒருவர்தான், ஆனால் தோற்றவர்களும் தரவைப் பார்த்துவிடுகிறார்கள். இதைத் திரட்டி விற்பதையே தொழிலாகக் கொண்ட தரவுத் தரகர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்ற இடங்களுக்குச் சென்றதைக் காட்டும் இருப்பிடத் தரவை விற்கக் கூடாது என்று எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்கு அமெரிக்க வணிக ஆணையம் 2024 ஜனவரியில் தடை விதித்தது. ஒருவர் எந்த நோய்க்கு மருத்துவரைப் பார்க்கிறார் என்பது அவர் விரும்பியவர்களுக்கு மட்டுமே தெரிய வேண்டிய செய்தி. அது சந்தையில் கிடைப்பதை வெறும் விளம்பரத் தொல்லையாக எண்ணிக் கடந்துபோகக் கூடாது.

கயல்விழி:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் அந்த விளம்பர அடையாள எண்ணை அழித்துவிட்டால் போதுமா?

இளங்கோ:

போதாது, ஆனால் தவறாமல் செய்ய வேண்டியது அது. ஆண்ட்ராய்டில் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியிலோ கூகுள் பகுதியிலோ விளம்பரங்கள் என்னும் பிரிவில் அந்த எண்ணை நீக்கலாம். அதன்பின் கேட்கும் செயலிகளுக்குச் சுழியங்கள் மட்டுமே கிடைக்கும். ஐபோனில் 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடரச் செயலி முன்கூட்டியே இசைவு கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பதையே மொத்தமாக நிறுத்தவும் வழியுண்டு.

எஞ்சியிருப்பது உள்நுழைவு. பல செயலிகளில் ஒரே மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்திருந்தால், விளம்பர எண் இல்லாமலே உங்களை இணைத்துவிடுவார்கள். கணக்கின்றிப் பயன்படுத்தக்கூடிய செயலிகளில் கணக்குத் தொடங்காதீர்கள். கூகுள் கணக்கு இருந்தால், இருப்பிட வரலாற்றை (இப்போது டைம்லைன் என்று பெயர்) நிறுத்துவதோடு இணைய மற்றும் செயலிச் செயல்பாடு என்னும் அமைப்பையும் பாருங்கள். முதலாவதை அணைத்த பின்னரும் இரண்டாவதன் வழியே இருப்பிடம் சேமிக்கப்பட்டது 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் தொடர்ச்சியாக, 2022 நவம்பரில் 40 அமெரிக்க மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தர கூகுள் உடன்பட்டது.

மதிவாணன்:

தொடர்புகளுக்கான அனுமதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற அனுமதிகளில் நம் தரவைக் கொடுக்கிறோம். இதில் நம்மை நம்பி எண்ணைத் தந்த அத்தனை பேரின் தரவையும், அவர்களைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறோம். உங்கள் எண்ணை நீங்கள் எவ்வளவு காத்தாலும், நண்பர் ஒருவர் தம் பட்டியலைப் பதிவேற்றினால் அது போய்ச் சேர்ந்துவிடும். ஐஓஎஸ் 18 முதல் குறிப்பிட்ட தொடர்புகளை மட்டும் தேர்ந்து பகிரலாம். அந்த வசதி இல்லாத கைப்பேசியில் அனுமதியை மறுத்துவிட்டு, தேவைப்படும் எண்ணைக் கையால் உள்ளிடுவதே நல்லது.